சனி ராத்திரி பஸ், ஞாயிறு மலை, திங்கள் டூட்டி: வெள்ளியங்கிரியில் உயிரை பறிக்கும் அவசரம்

கோவை: பிப்ரவரி பிறந்தால் போதும், வெள்ளியங்கிரி மலை அடிவாரமான பூண்டியில் கூட்டம் அலைமோத தொடங்கி விடும். மே மாதம் வரை மலையேற வனத்துறை அனுமதிப்பது வழக்கம். மகா சிவராத்திரி, சித்ரா பவுர்ணமி என்றால் சொல்லவே வேண்டாம். கூடவே, பாதையில் பக்தர் சுருண்டு விழுந்து இறந்தார் என்ற செய்தியும் வருகிறது. 2024 மார்ச்சில் அடுத்தடுத்து பக்தர்கள் இறந்தது எல்லோரையும் உலுக்கியது. பள்ளத்தில் விழுந்து அல்ல, மூச்சு திணறியும் நெஞ்சு வலித்தும்தான் பலர் உயிர் போனது.

சிக்கல், பலரும் போடும் பிளானில் இருக்கிறது. திருப்பூரிலோ ஈரோட்டிலோ சனிக்கிழமை ஷிப்ட் முடிகிறது. அப்படியே பஸ். காந்திபுரத்தில் இறங்கி வயிறு முட்ட புரோட்டா. நள்ளிரவில் பூண்டியில் இருந்து, "ஏழு மலைதானே, ஒரே மூச்சுல ஏறிடலாம்பா" என்று கிளம்பி விடுகிறார்கள். ஞாயிறு மாலை இறங்கி, திங்கள் காலை டூட்டி. லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அந்த கணக்கில் அடிபடுவது தூக்கம்.

ராத்திரி ஏறுவது தப்பில்லை, வெயிலுக்கு தப்பிக்கலாம். ஆனால் தூங்காத உடம்போடு ஏறுவதுதான் வினை. ஒரு வழி தூரம் சுமார் 6 கிலோமீட்டர்தான் என்றாலும், ஏற வேண்டிய உயரம் சுமார் 4 ஆயிரம் அடி. முதல் மலையே செங்குத்தான படிக்கட்டு. ஏறி பழகியவர்கள், "முதல் மலையும் ஏழாவது மலையும்தான் ஆளை சோதிக்கும்" என்பார்கள்.

முதல் மலை முடிவில் வெள்ளை விநாயகர் கோவில் இருக்கிறது. அதற்குள்ளேயே நெஞ்சு படபடத்து கண் இருட்டினால், அங்கேயே கும்பிட்டு விட்டு திரும்பி விடலாம். சாமி கோவிச்சுக்க மாட்டார். ஆனால் கூட வந்தவன் கேலி பண்ணுவானே என்று பல்லை கடித்துக்கொண்டு ஏறுகிறவர்கள்தான் அதிகம். வியர்த்து வழிந்த உடம்போடு ஆறாவது மலையில் ஆண்டி சுனையின் ஐஸ் தண்ணீரில் முங்குவது இன்னொரு ஆபத்து.

மேலே மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ் வராது. டோலி கட்டி, வழுக்குப் பாறையையும் படிகளையும் தாண்டி தோளில்தான் தூக்கி வர வேண்டும். பூண்டி வந்து சேரவே மணிக்கணக்கில் ஆகும். அதற்கு பிறகு கோவை நகரத்துக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். மாரடைப்பு அவ்வளவு நேரம் காத்திருக்குமா?

இருதய நோய், ஆஸ்துமா, ரத்த கொதிப்பு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்லி வருகிறது. செக்கப் செய்யாமலே "எனக்கு ஒண்ணும் இல்ல" என்பவர்கள் கிளம்பும் முன் அரசு ஆஸ்பத்திரியில் ஒருமுறை பி.பி. பார்ப்பது நல்லது. சனி ராத்திரி நன்றாக தூங்கி, ஞாயிறு விடியலில் இட்லியோடு ஏறினால், நின்று நிதானமாக போனாலும் இருட்டுவதற்குள் இறங்கி விடலாம். யானை நடமாடும் காடு, கூட்டத்தை விட்டு ஒதுங்கக் கூடாது. பூண்டியில் விற்கும் மூங்கில் தடியை வாங்க மறக்க வேண்டாம். இறங்கும்போது முழங்கால் நடுங்கும் நேரத்தில்தான் அதன் அருமை தெரியும்.