இடையிலே பதின்மூன்று நாள்

2023 டிசம்பர் 3, 4 ஆகிய இரு நாட்களில் மிக்ஜாம் புயல் சென்னை மாநகரைப் புரட்டிப் போட்டது. வேளச்சேரித் தெருக்கள் வெள்ளக்காடாயின; பள்ளிக்கரணையில் படகு ஓடிற்று; கிண்டியை அடுத்த ஐந்து பர்லாங் சாலையிலே கட்டுமானப் பள்ளம் வாய் பிளந்து உழைப்பாளிகள் இருவரின் உயிரைக் குடித்தது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ஆறாயிரம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. அறிவித்தபடி கொடுக்கவும் செய்தது. ரேஷன் கடை வழியாக, கையிலே ரொக்கமாக, டிசம்பர் 17-ஆம் நாள் வேளச்சேரியில் முதலமைச்சரே அதைத் தொடங்கி வைத்தார்.

நான்காம் நாள் வெள்ளம். பதினேழாம் நாள் பணம். இடையிலே பதின்மூன்று நாள்!

அந்தப் பதின்மூன்று நாளைப் பற்றித்தான் தோழர்களோடு இன்று பேச விரும்புகிறோம். குறை கூறுவதற்காக அல்ல. இலட்சக்கணக்கான குடும்பங்களைக் கணக்கெடுத்து, டோக்கன் கொடுத்து, பணத்தை எண்ணிக் கடைக்குக் கடை அனுப்புவது ஒரே இரவில் நடக்கிற காரியமா? பதின்மூன்று நாளில் தொடங்கியதே விரைவுதான். ஆனால் விரைவாக ஓடி வந்த அரசுக்கே பதின்மூன்று நாள் என்றால், அந்தப் பதின்மூன்று நாளும் உழைப்பாளி வீட்டு அடுப்பை எரித்தது யார்?

சைதாப்பேட்டையில் ஆட்டோ ஓட்டும் ஒரு தோழரை எண்ணிப் பாருங்கள். அன்றாடம் ஓட்டினால் அன்றாடம் சோறு. முதல் நாள் வண்டி தண்ணீரில் நின்றது. இரண்டாம் நாள் எஞ்சினில் சேறு. மூன்றாம் நாள் குழந்தைக்குப் பால் இல்லை. நான்காம் நாள் தண்டல்காரர் வந்தார், தலையிலே குடையோடும் முகத்திலே கனிவோடும். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் வைப்பார்; நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரத்து ஐந்நூறுதானே என்று தோன்றும். அன்றாடம் அசலும் சேர்ந்தே கழிகிறது என்பதை நினைவில் வைத்துக் கணக்குப் போட்டால், ஆண்டுக்கு நூறு விழுக்காட்டைத் தாண்டும் வட்டி அது! கொடுவட்டிக்குத் தடை விதித்து 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டப் புத்தகம் கோட்டையிலே இருக்கிறது. தண்டல் நோட்டு தெருமுனையிலே இருக்கிறது. பதினேழாம் நாள் ஆறாயிரம் வந்ததே, அது யாருக்குப் போயிற்று? ஆட்டோக்காரர் கை வழியாகத் தண்டல்காரர் பைக்குப் போயிற்று. மக்கள் வரிப்பணத்தில் மக்களுக்கென்று கொடுத்த உதவி, மழையிலே நனையாதவர் மடியிலே விழுந்தது!

இதற்கு யாரை நோவது? தண்டல்காரரைத் திட்டலாம், திட்டத்தான் வேண்டும். ஆனால் வீட்டிலே பதின்மூன்று நாளுக்கான அரிசியும், பெட்டியிலே ஐயாயிரமும் இருந்திருந்தால், அவர் குடையை மடக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கல்லவா போயிருப்பார்?

உடனே ஒரு தோழர் எழுந்து கேட்பார்: "அப்படியானால் அரசைக் கேட்க வேண்டாம் என்கிறீரா? உன் பாடு உன்னோடு என்று பணக்காரர்கள் பாடும் பாட்டையே நீரும் பாடுகிறீரா?" நல்ல கேள்வி. 1967-இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டாரே, அது யாரும் இட்ட பிச்சை அல்ல; உரிமை. 2011 முதல் விலையின்றி வரும் ரேஷன் அரிசியும் உரிமையே. அதில் ஒரு மணி குறைந்தாலும் கேட்போம். ஆனால் உரிமைச் சீட்டு கையில் இருக்க, கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது சீட்டை வேகவைத்து உண்ண முடியுமா? உரிமை கேட்கும் குரல் ஓங்கி ஒலிக்க வேண்டுமானால் வயிற்றிலே கொஞ்சம் சோறு வேண்டும். பசித்தவன் குரல் மூன்றாம் நாள் கெஞ்சலாகிவிடும். சுயமரியாதை பேசி வளர்ந்த நாம், பொட்டலத்துக்கு நீட்டிய கையோடு படம் எடுக்க நிற்கும் நிலைக்கு நம் வீட்டுப் பெண்களை விடலாமா? 2015-இல் பார்த்தோமே, வெளியூர்களிலிருந்து நல்லவர்கள் அனுப்பிய நிவாரணப் பொட்டலங்களின் மேல் படம் ஒட்டிய கூத்தை! ஊரே சிரித்தது. வாங்கியவர்களால் சிரிக்க முடியவில்லை.

அந்த 2015-ஐ அடையாற்றுக் கரைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். டிசம்பர் 1 தொடங்கி ஒரு பகலும் ஓர் இரவும் தாம்பரத்தில் கொட்டியது 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. போதாதென்று வழிநெடுகிலும் இருந்த ஏரிகளின் உபரிநீரும் ஆற்றோடு சேர்ந்தது. இரவோடு இரவாகக் கோட்டூர்புரத்து வாரியக் குடியிருப்புகளில் கீழ்த்தளம் மூழ்கிற்று. ஜாபர்கான்பேட்டையும் சைதாப்பேட்டையும் தத்தளித்தன. மின்சாரம் நின்றது, தொலைபேசி ஊமையாயிற்று, பணம் தரும் எந்திரங்கள் பல்லிளித்தன. 1878-இல் தொடங்கிய 'இந்து' நாளேடு மறுநாள் அச்சாகவில்லை. விமான நிலையத்தையே பல நாள் மூடிவைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஏரியைத் திறந்த முறை சரியா, தவறா? அது பற்றி மத்தியத் தணிக்கைத் துறை கடுமையாகவே எழுதியிருக்கிறது. அந்த விசாரணை வேண்டும், கணக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் தணிக்கை அறிக்கை வருவதற்கு ஆண்டுக் கணக்காயிற்று. அன்றிரவு வந்தது என்ன? மீனவத் தோழர்களின் படகு! யாரும் ஆணையிட்டு அவர்கள் வரவில்லை. படகு அவர்களுடையது, துடுப்பு அவர்களுடையது, நெஞ்சுரமும் அவர்களுடையது, ஆகவே வந்தார்கள்.

பேரிடர் கோட்டீசுவரன், கூலிக்காரன் என்று பார்க்காது என்பார்கள். பார்க்கிறது, தோழர்களே! போட் கிளப் சாலையிலும் தண்ணீர் புகுந்தது, கோட்டூர்புரம் குடியிருப்பிலும் புகுந்தது. அங்கே வண்டி போயிற்று; இங்கே வாழ்வு போயிற்று. கரையோரக் குடிசைகளில் இருந்தவர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்கு வீடுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் நடந்தே போய் வந்தவர்கள், பேருந்துக்கே கூலியில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டியவர்களானார்கள்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? 2015-இல் தீபாவளி நவம்பர் 10. மூன்று வாரத்தில் வெள்ளம். 2023-இல் தீபாவளி நவம்பர் 12. மூன்றே வாரத்தில் புயல். தீபாவளியைக் கொண்டாடலாமா, கூடாதா என்ற பழைய வழக்கை இங்கே எடுக்கவில்லை. நாட்காட்டியை மட்டும் பார்க்கச் சொல்கிறோம். ஐப்பசி பிறந்ததும் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலே எள் விழ இடமிருக்காது. போனஸ் போகும், சீட்டுப் பணம் போகும், போதாததற்குத் தவணையில் புதுக் கைப்பேசியும் வரும். கார்த்திகை பிறக்கும்போது பை காலி, வானத்திலோ கருமேகம்! வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற காலத்துக்கு முன் வாரம் பார்த்து வீட்டுக் கையிருப்பை நாமே துடைத்து வைக்கிறோம். (நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் பெயர் தாங்கிய அந்த நகரே மாம்பலம் ஏரியைத் தூர்த்துக் கட்டியதுதான். தண்ணீர் தன் பழைய வீட்டை மறப்பதில்லை.) இதோடு மாலை மயங்கியதும் மதுக்கடைக்குப் போகும் கூலியையும் கூட்டிப் பாருங்கள். பிறர் சொன்னால் கோபம் வரும். உங்கள் ஏடு சொல்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் தாய்மார்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். பிடி அரிசி என்பது அதன் பெயர். காஞ்சி மடம்கூட அதை ஒரு திட்டமாகச் சொன்னதுண்டு. மடத்தோடு நமக்கு ஆயிரம் வழக்கு. பிடி அரிசியோடு வழக்கில்லை! ஒரு பிடி ஐம்பது கிராம் என்று வையுங்கள். சித்திரை தொடங்கிப் புரட்டாசி முடிய ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ. நால்வர் கொண்ட குடும்பம் ஆறு நாள் உண்ணலாம். ஒரு நாளும் வயிறு வாடாமல் ஆறு நாள் சோறு சேர்ந்துவிடுகிறது. நாளுக்கு முப்பது ரூபாய் எடுத்து வைத்தால் அதே ஆறு மாதத்தில் ஐயாயிரத்துச் சொச்சம். தண்டல்காரர் தரும் தொகையில் பாதிக்குமேல் அது; வட்டி இல்லை, வசவும் இல்லை.

தண்ணீருக்கும் இதே கதைதான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்தது. மாநகருக்கு அது எத்தனை நிமிடத்துக்குக் காணும்? ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்று 2003-இல் கட்டாயமாக்கியது மாற்றார் ஆட்சி. நல்லதை நல்லது என்போம். அந்தக் குழாயில் குப்பை அடைத்துக் கிடப்பதற்கு எந்த ஆட்சியைக் குற்றம் சொல்வது?

சரி, சேர்த்த காசை எங்கே வைப்பது? இதுதான் இக்கட்டான இடம். மயிலாப்பூருக்கு வாருங்கள். தெற்கு மாட வீதியிலே 1872-இல் தொடங்கியது மயிலாப்பூர் இந்து பெர்மனண்ட் பண்டு. ஒன்றரை நூற்றாண்டு நிறுவனம்! ஓய்வூதியக்காரர்களும் விதவைத் தாய்மார்களும் மகள் திருமணத்துக்கென்று அங்கே போட்டு வைத்தார்கள். வங்கி தருவதைவிடக் கூடுதல் வட்டி. 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு கைது செய்தது. போட்டவர்களுக்குப் பல கோடி ரூபாய் திரும்பவில்லை என்று வழக்கு. சிக்கனமாக இருந்தவர்கள்தாம் அவர்கள், முன்யோசனை உள்ளவர்கள்தாம்! வாழ்நாளெல்லாம் வருமுன் காத்தவர்கள், வந்தபோது வீதியில் நின்றார்கள். இது இந்நகருக்குப் புதிதுமல்ல. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற வெள்ளைக்காரர் நிறுவனம் இதே சென்னையில் கவிழ்ந்தது. கூடுதல் வட்டியை நம்பியவர்கள் குடி முழுகிற்று. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. அந்தச் சாம்பலிலிருந்துதான் மயிலாப்பூர் வழக்கறிஞர் கிருஷ்ணசாமி அய்யர் முதலானோர் முயற்சியில் 1907-இல் இந்தியன் வங்கி எழுந்தது. அவாளுக்கு அடிபட்டதும் ஒரு வங்கியே எழுப்பிக்கொண்டார்கள். அதைக் கண்டு எரிச்சல் படுவதைவிடக் கற்றுக்கொள்வது மேல்.

வங்கியில் போட்டால் ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020 முதல் நடப்பில் உள்ள ஏற்பாடு அது. அஞ்சலகச் சேமிப்புக்கு அரசே பொறுப்பு. நிதி நிறுவனங்களுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. வட்டி குறைவுதான். இடர்க்காலப் பணத்துக்கு வேலை வளர்வது அல்ல. கேட்ட அன்றைக்கு இருப்பது!

தனி வீட்டால் முடியாததைத் தெருவால் செய்ய முடியும். இங்கிலாந்திலே ராச்டேல் என்ற ஊரில் 1844-இல் தொழிலாளர்கள் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் போட்டு ஒரு சின்னக் கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ். கலப்படம் கிடையாது, கடனும் கிடையாது, ரொக்கம் மட்டும். உலகமெங்கும் கூட்டுறவுக் கடைகளுக்கு அந்தக் கடைதான் தாய். நம் திருவல்லிக்கேணியில் 1904-லேயே நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்துவிட்டது, டி.யு.சி.எஸ். என்றால் சென்னையில் தெரியாதவர் உண்டா? வெள்ளையன் ஆண்ட நாளில், அரிசிக்கும் பருப்புக்கும் வணிகனை அண்டியிருக்க மாட்டோம் என்று கூடினார்களே, அதுவல்லவா ஆண்மை!

கையிருப்பு புயலுக்கு மட்டும் அல்ல என்பதைப் பாட்டாளித் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெரம்பூரில் 1921-இல் பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் போராடித் தோற்றார்கள். சாதியால் பிளந்தது ஒரு காரணம். துப்பாக்கி ஒரு காரணம். அணைந்துபோன அடுப்பும் ஒரு காரணம். ஆலை முதலாளி காத்திருப்பார், அவரிடம் களஞ்சியம் உண்டு. நம் தரப்பில் எத்தனை நாள் காத்திருக்க முடியும் என்ற கணக்கில்தான் கோரிக்கையின் பலமே இருக்கிறது.

ஆகவே வட்டக் கழகங்களுக்கு ஒரு வேலை. ஐப்பசிக்கு முன்னதாக, கொடிக்கம்பத்துக்கு வண்ணம் அடிப்பதற்கும் முன்னதாக, தெருவுக்கு இருபது குடும்பம் சேருங்கள். குடும்பத்துக்கு மாதம் நூறு ரூபாய் போட்டால் ஆண்டுக்கு இருபத்து நான்காயிரம் ஆகும். அஞ்சலகத்தில் தெருவைச் சேர்ந்த இருவர் பெயரில் கூட்டுக் கணக்கு, எடுக்க இருவர் கையெழுத்து. இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். மாடி வீட்டுத் தோழர் ஒருவர் வீட்டில் இரண்டு மூட்டை அரிசி, மண்ணெண்ணெய் விளக்கு, கயிறு, குடிநீர்க் கேன், சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் முதியவர்கள் உண்ணும் மாத்திரைகளின் பட்டியல். கடனாக எடுப்பவர் பெயர் நோட்டில் ஏறட்டும். வட்டி வேண்டாம், தவணை தவற வேண்டாம். கட்சி பார்க்க வேண்டாம். எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் பசிக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு படிப்பகத்தில் அந்த நோட்டை உரக்கப் படியுங்கள். படிக்கத் தயங்குகிறவர் எவ்வளவு பெரிய பேச்சாளராயினும், அன்றைக்கே அவரிடமிருந்து பெட்டிச் சாவியை வாங்கிவிடுங்கள்.