தண்ணீர் நின்றால் அறிவிப்பு உண்டு! தண்ணீர் கெட்டால்?

சென்னைப் பத்திரிகைகளில் அடிக்கடி ஓர் அறிவிப்பு வெளிவருகிறது. பெரிய குழாயில் இணைப்பு வேலை நடக்கிறது. ஆகையால் தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்களில் இன்ன தேதி காலை முதல் மறுநாள் காலை வரை குடிநீர் வராது. பொதுமக்கள் முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அவசரத்துக்கு லாரித் தண்ணீர் கேட்கலாம். குடிநீர் வாரியம் விடுக்கும் இந்த அறிவிப்பில் தேதி, நேரம், பகுதி, தொலைபேசி எண் எல்லாம் இருக்கும்.

நல்ல ஏற்பாடு. இதைப் படித்த குடும்பத்தார் முதல் நாளே அண்டா, குடம், வாளி எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிடுகிறார்கள்.

தண்ணீர் வராது என்பதை இவ்வளவு விவரமாகச் சொல்கிறார்கள். வருகிற தண்ணீர் குடிக்கத் தகாதது என்றால்? அதைச் சொல்ல வேண்டியவர் யார்? எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும்? எந்த விதமாகச் சொல்ல வேண்டும்?

இந்தக் கேள்விகளுக்குக் கெடு வைத்துப் பதில் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் அடையாற்றுக்கும் மட்டுமல்ல, நாடு முழுவதற்கும் உள்ள குறை இது.

மூக்கே பரிசோதனைச் சாலை!

மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் வசிப்பவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. விடியற்காலையில் அடிபம்பை அடிக்கிறார்கள். முதல் இரண்டு குடம் கலங்கலாக வருகிறது. கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தால் சாக்கடை நாற்றம்! "உங்கள் வீட்டிலும் இப்படித்தானா, மாமி?" என்று அடுத்த வீட்டில் விசாரிக்கிறார்கள். ஆமாம் என்று பதில் வந்தால், பிடித்ததைக் கொட்டிவிட்டுக் கேன் தண்ணீருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். யாராவது ஒருவர் 1916 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் கொடுக்கிறார். ஆட்கள் வருகிறார்கள், தெருவைத் தோண்டுகிறார்கள், குழாயைச் சரிசெய்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மக்கள் வாரியத்துக்குச் சொல்ல வழி இருக்கிறது. வாரியம் மக்களுக்குச் சொல்லியே தீரவேண்டும் என்று விதி இல்லை.

நாற்றம் அடிக்கும் தண்ணீரையாவது மூக்கு காட்டிக் கொடுத்துவிடும். டைபாய்டுக் கிருமிக்கு நாற்றம் கிடையாது. மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் வைரஸுக்கு நிறம் கிடையாது. பளிங்கு போன்ற தண்ணீரிலும் அவை இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது பரிசோதனைச் சாலை ஒன்றே. அங்கே கண்டுபிடித்தது தெருவுக்கு வந்து சேராவிட்டால் என்ன பயன்?

சுத்தமாகப் புறப்படுகிறது; வழியில் கெடுகிறது

சென்னையின் குழாய்த் தண்ணீருக்கு நீண்ட வரலாறு உண்டு. 1872-ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. அதை மணலில் வடிகட்டிக் கொடுக்கும் நிலையம் 1914-ல் ஏற்பட்டது. இன்று செம்பரம்பாக்கம், பூண்டி ஏரிகளும், வீராணமும், கிருஷ்ணா நீரும், மீஞ்சூர், நெம்மேலிக் கடல்நீர் ஆலைகளும் நகரத்தின் தாகத்தைத் தீர்க்கின்றன. நிலையத்தைவிட்டுப் புறப்படும்போது தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு, குளோரின் சேர்க்கப்பட்டே புறப்படுகிறது.

கோளாறு தெருவில் ஏற்படுகிறது. பழைய தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அண்ணன் தம்பி போல அடுத்தடுத்துக் கிடக்கின்றன. குடிநீர் நாள் முழுவதும் வருவதில்லை. சில மணி நேரம் வந்து நின்றுவிடுகிறது. நின்ற பிறகு குழாயில் அழுத்தம் இல்லை. பக்கத்தில் கசியும் கழிவுநீர், குடிநீர்க் குழாயின் விரிசல் வழியாகவும் தளர்ந்த இணைப்பு வழியாகவும் உள்ளே நுழைகிறது. குழாயிலேயே மோட்டாரை மாட்டி இழுக்கும் வீடுகளும் இருந்தால் கேட்க வேண்டியதில்லை. அடுத்த தடவை தண்ணீர் திறந்ததும், உள்ளே புகுந்தது முதலில் வீட்டுக்கு வந்து சேருகிறது.

தியாகராய நகரிலும் அடையாற்றிலும் அடுக்கு மாடி வீடுகள் அதிகம். அங்கே தண்ணீர் நேராகக் குடத்துக்கு வருவதில்லை. தரைக்கடியில் உள்ள சம்புக்கு வந்து, மாடித் தொட்டிக்கு ஏறி, அத்தனை வீட்டுக்கும் இறங்குகிறது. ஒரு நாள் புகுந்த அழுக்கு தொட்டியைக் கழுவும் வரை தங்கிவிடும். அந்தக் கட்டடத்தின் செயலாளருக்கு உரிய நேரத்தில் ஒரு துண்டுச் சீட்டு வந்திருந்தால், வால்வை மூடியிருப்பார்!

நோய் வந்தபின் சொல்லி என்ன பயன்?

"யாருக்காவது நோய் வந்தால் தெரிந்துவிடுமே" என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைத்ததால் வந்த விபரீதத்தை டில்லி கண்டிருக்கிறது.

1955-ன் கடைசியில், நஜஃப்கர் சாக்கடையின் நீர் யமுனையில் பின்னோக்கி ஏறி, நகருக்குக் குடிநீர் எடுக்கும் வஜீராபாத் பகுதிவரை வந்துவிட்டது. சுமார் ஒரு வாரம் அந்தத் தண்ணீர் குழாய்களுக்குப் போயிற்று. குளோரினை அதிகமாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உடனடியாகப் பெரிய கொள்ளைநோய் எதுவும் கிளம்பவில்லை. ஆனால் சில வாரங்கள் கழித்து, டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும், மஞ்சள் காமாலை நகரத்தையே ஆட்டி வைத்தது. கண்ணும் உடலும் மஞ்சளானவர்கள் மட்டும் சுமார் 29,000 பேர்! கர்ப்பிணிகளை அந்த நோய் கொடுமையாகத் தாக்கியது.

இதன் பாடம் என்ன? தண்ணீர் கெடுவது ஒரு நாள்; நோய் வெளிப்படுவது வேறொரு நாள். ஆஸ்பத்திரி நிறைந்த பிறகு வரும் எச்சரிக்கை, ரயில் போன பிறகு அடிக்கும் மணி. சோதனையில் தண்ணீர் தவறிய அன்றே சொன்னால்தான் அது எச்சரிக்கை.

சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

சட்டமே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் அந்தக் காலத்தில் இந்தியாவுக்கே முன்மாதிரி. ஒரு கிணற்றின் அல்லது குளத்தின் நீர் தொற்றுநோயைப் பரப்பும் என்று தோன்றினால், அதை எடுக்கக் கூடாது என்று பொது அறிவிப்பின் மூலம் தடைசெய்யும் அதிகாரத்தை அது சுகாதார அதிகாரிக்கு அளித்தது. ஆனால் அது அதிகாரம், கடமை அல்ல. தடை செய்யலாம் என்பது வேறு. இத்தனை மணிக்குள் சொல்லியே ஆகவேண்டும் என்பது வேறு.

குடிநீர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 10500 என்ற தரம் இருக்கிறது. 100 மில்லி லிட்டர் தண்ணீரில் மலக்கிருமியான ஈ. கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது அது. 2019 நவம்பரில் மத்திய அமைச்சராக இருந்த ராம்விலாஸ் பாஸ்வான், பெரு நகரங்களின் குழாய்த் தண்ணீரை இந்தத் தரத்தின்படி சோதித்த முடிவை வெளியிட்டார். பம்பாயின் 10 மாதிரிகளும் தேறின. சென்னையின் 10 மாதிரிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. அது ஏரிகள் வறண்டு நகரம் தவித்த ஆண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. குழாய்த் தண்ணீருக்கு இந்தத் தரத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அமைச்சர் அப்போது வற்புறுத்தினார். தரமே கட்டாயமில்லை என்றால், தவறியதைச் சொல்வது எப்படிக் கட்டாயமாகும்?

2005-ன் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. உயிர் சம்பந்தமான தகவலைக் கேட்டால் 48 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். ஆனால் முதலில் கேட்க வேண்டும்! தண்ணீர் கெட்டிருப்பது தெரியாதவர் எதைப் பற்றிக் கேட்பார்?

ஒரு தாளில் அடங்கிய ஏழு உயிர்கள்

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் உள்ள வாக்கர்ட்டன் என்ற சிற்றூர் சாட்சி.

2000-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே பெருமழை பெய்தது. பண்ணையிலிருந்த மாட்டுச் சாணத்தின் கிருமிகள் ஊர்க் கிணறு ஒன்றில் இறங்கின. மே 17-ந் தேதி பரிசோதனைச் சாலை, தண்ணீரில் கிருமி இருக்கிறது என்று நீர் வழங்கும் அலுவலகத்துக்குத் தெரிவித்தது. சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவில்லை. தெரிவிக்க வேண்டும் என்று அப்போது சட்டம் இல்லை! இரண்டு நாள் கழித்து, ஊரில் பலர் வயிற்றுப்போக்கால் அவதிப்படுவதைக் கண்ட சுகாதார அதிகாரிகள் நீர் அலுவலகத்தைக் கேட்டார்கள். தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. மே 21-ந் தேதி, சுகாதார அதிகாரியே தம் பொறுப்பில், கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று அறிவித்தார். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. சுமார் 5,000 பேர் வாழ்ந்த ஊரில் 2,300 பேர் நோயுற்றனர். 7 பேர் மாண்டனர்.

மே 17-க்கும் 21-க்கும் இடையே நான்கு நாட்கள். அந்த நான்கு நாட்களும் உண்மை ஒரு தாளில் இருந்தது. மக்கள் குடித்த தண்ணீரில் கிருமி இருந்தது. இந்தச் சோகத்துக்குப் பிறகு ஒன்டாரியோ மாகாணம் 2002-ல் புதிய சட்டம் செய்தது. கெட்ட முடிவு வந்தால் உடனே சுகாதார அதிகாரிக்குத் தெரிவிப்பது அங்கே இன்று கட்டாயம்.

அமெரிக்கா வைத்திருக்கும் மூன்று கெடு

அமெரிக்காவில் 1974-ல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தது. அதன் கீழ் உள்ள விதிகள் தவறுகளை மூன்று படிகளாகப் பிரிக்கின்றன. உடனே தீங்கு செய்யக்கூடிய தவறானால் 24 மணி நேரத்துக்குள் மக்களுக்குச் சொல்ல வேண்டும். வானொலி, தொலைக்காட்சி, பொது இடத்தில் ஒட்டும் நோட்டீஸ், வீடு வீடாகக் கொடுக்கும் சீட்டு — ஏதாவது ஒரு வழியில் செய்தி போய்ச் சேர வேண்டும். அவசரம் குறைந்த தவறுக்கு 30 நாள். சில்லறைத் தவறுக்கு ஓர் ஆண்டு.

அறிவிப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதும் விதிக்கப்பட்டிருக்கிறது. என்ன நடந்தது? எப்போது நடந்தது? யாருக்கு ஆபத்து? மக்கள் என்ன செய்ய வேண்டும்? வேறு தண்ணீர் எங்கே கிடைக்கும்? எப்போது சரியாகும்? யாரிடம் கேட்கலாம்? மக்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். இதைப் பிறருக்கும் சொல்லுங்கள் என்ற வாசகமும் இருக்க வேண்டும்.

இந்த விவரம் வீண் சம்பிரதாயம் அல்ல. கிருமி கலந்த தண்ணீரைக் கொப்பளித்துப் பொங்கும் அளவுக்கு ஒரு நிமிஷம் கொதிக்க வைத்தால் போதும். ஆனால் நைட்ரேட் உப்பு மிகுந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நீர் சுண்டி உப்பின் அடர்த்தி கூடும். கைக்குழந்தைக்கு அது ஆகாது. வெறுமனே "ஜாக்கிரதை" என்றால் போதாது. எதற்கு ஜாக்கிரதை என்று சொல்ல வேண்டும்.

பீதி கிளம்பிவிடுமா?

அறிவித்தால் மக்கள் பீதி அடைவார்கள் என்பது வழக்கமான ஆட்சேபம். அறிவிக்காவிட்டால் மட்டும் பீதி இல்லையா?

2024 டிசம்பரில், விமான நிலையத்துக்கு அப்பால் உள்ள பல்லாவரம் வட்டாரத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மூவர் இறந்தார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்றார்கள் குடியிருப்பவர்கள். தண்ணீர்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, உணவாகவும் இருக்கலாம் என்றது அரசாங்கத் தரப்பு. தண்ணீர் மாதிரிகள் கிண்டி கிங் நிலையத்துக்குப் போயின. யார் சொன்னது சரி என்பது ஒரு புறம் இருக்கட்டும். அதுவரை வாரா வாரம் எடுத்த சோதனை முடிவு அந்தத் தெருவிலேயே ஒட்டப்பட்டிருந்தால், இந்த வாக்குவாதத்துக்கே இடம் ஏது? உண்மை வராத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொன்றும் உண்டு. வசதி உள்ளவர் வீட்டில் சுத்திகரிப்புக் கருவி இருக்கிறது. ரங்கநாதன் தெருவில் நாள் முழுவதும் நின்று விற்கும் பெண்ணுக்கும், அடையாற்றில் வீட்டு வேலை செய்துவிட்டுக் குடிசைமாற்றுக் குடியிருப்புக்குத் திரும்பும் தாய்க்கும் அந்தக் கருவி இல்லை. அறிவிப்பு அவர்களுக்குத்தான் முதலில் தேவை. அவர்களுக்கு அது ஒன்றே வடிகட்டி.

செய்ய முடியாத காரியமா?

அந்தக் காலத்தில் தமுக்கு அடித்து ஊருக்குச் செய்தி சொன்னார்கள். 2022 ஆகஸ்டில், தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, இனித் தண்டோரா போடும் வழக்கம் வேண்டாம், ஒலிபெருக்கி கட்டிய வண்டியே போதும் என்று கலெக்டர்களுக்கு எழுதினார். அந்த வண்டி குடிநீருக்காகவும் ஒரு தெருவுக்குள் வரலாமே! ரேஷன் கடைப் பலகையில் நான்கு வரி எழுதலாம். கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பலாம். அடுக்கு மாடிக் கதவில் சீட்டு ஒட்டலாம். மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை வாரியத்தின் பகுதி அலுவலகங்களில் குறை கேட்கும் கூட்டம் நடக்கிறது. அந்த மாதத்துச் சோதனை முடிவுகளை அங்கே படித்துக் காட்டலாம்.

இதற்குப் புதிய ஏரி வெட்ட வேண்டியதில்லை; கோடிக்கணக்கில் பணமும் வேண்டியதில்லை. தண்ணீர் தவறினால் 24 மணி நேரத்தில் சொல்ல வேண்டும், சரியானதும் சரியாயிற்று என்றும் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வேண்டும்.

தண்ணீர் வராது என்று சொல்லத் தெரிந்த வாரியத்துக்கு, தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்லவும் தெரியும். சொல்லியே தீரவேண்டும் என்று சட்டம்தான் இன்னும் கட்டளையிடவில்லை. அந்தக் கட்டளை வரும்வரை, மயிலாப்பூர் மாமி விடியற்காலையில் முதல் குடத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.