சப்ரகமுவ தோட்டங்களில் மனநல உதவி: இலவசம் உண்டு, தமிழ் உண்டா?

இலங்கையில் மனநலச் சிகிச்சை பெறக் காசு தேவையில்லை. அரச வைத்தியசாலையின் மனநல கிளினிக்கில் வைத்தியரைப் பார்ப்பதும் மருந்து பெறுவதும் இலவசம். பிரதேச செயலகத்தில் உள்ள உளவளத்துணை உத்தியோகத்தரைச் சந்திப்பதும் இலவசம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம். ஆனாலும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் நான் பேசியவர்களில் பலருக்கு இவற்றில் ஒன்றைக்கூடத் தெரியவில்லை. தெரிந்திருந்த சிலரும் ஒருமுறை போய்விட்டு மறுமுறை போகவில்லை. இலவசமாகக் கிடைப்பதை மக்கள் ஏன் விட்டுவிடுகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் பதில், "தோட்ட மக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்பது. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் நான் கேட்ட கதைகளில் திரும்பத் திரும்ப வந்தது வேறொன்று. அவர்கள் போன இடத்தில் தமிழில் பேச ஆள் இருக்கவில்லை.

கால் முறிந்தவருக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். சீனி வியாதிக்கு இரத்தத்தைச் சோதிக்கலாம். மனநலச் சிகிச்சையில் நோயாளி சொல்வதும் வைத்தியர் கேட்பதும்தான் பரிசோதனை. தோட்டத்தில் ஒருவர் தன் துன்பத்தை "மனச்சோர்வு" என்று சொல்லமாட்டார். "யோசன கூடிப்போச்சு", "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "ராவெல்லாம் தூக்கமில்ல", "ஒடம்பெல்லாம் அசதி" என்றுதான் சொல்வார். சிங்களம் மட்டுமே தெரிந்த ஒருவரிடம் இது வந்து சேரும்போது, உடம்பு வலிக்கு ஒரு மாத்திரையாகவும் சத்துக்கு ஒரு மாத்திரையாகவும் முடிந்துவிடுகிறது.

மாகாணத்தின் ஒரு வைத்தியசாலையில், தாய்க்கு மொழிபெயர்ப்பாளராக வந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றைக் கண்டேன். வீட்டில் குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றி அந்தத் தாய் எதைச் சொல்வார்? செத்துவிடலாம் என்று தோன்றுவதைத் தன் பிள்ளையின் வாயால் எப்படிச் சொல்ல வைப்பார்? அன்று அவர் சொன்னதெல்லாம் தலைவலி மட்டுமே.

போர் நடக்காத மாகாணமா?

சப்ரகமுவவில் போர் நடக்கவில்லை, ஆகவே அங்கே போரின் மனக்காயம் இல்லை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1977 ஓகஸ்ட் வன்முறை தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் லயங்கள் தாக்கப்பட்டன. பிறகு 1983 வந்தது. இந்த அலைகளில் பல குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வவுனியாவுக்கும் வன்னிக்கும் போயின. அவர்களில் ஒரு பகுதியினரைக் காந்தியம் அமைப்பு குடியேற்றியது. அதை நடத்தியவர்களில் ஒருவரான டொக்டர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார்.

வன்னிக்குப் போனவர்களும் அவர்களின் பிள்ளைகளும் 2009இன் இறுதிப் போருக்குள் அகப்பட்டார்கள். போகாதவர்கள் அதே லயத்தில், அதே அயலவர்களுக்கு நடுவே, ஒவ்வொரு கலவரச் செய்திக்கும் வாய்மூடி வாழ்ந்தார்கள். போர்க்காலச் சுற்றிவளைப்புகளும் கைதுகளும் அடையாள அட்டை இல்லாதவரின் பயமும் தோட்டங்களிலும் இருந்தன. ஒரே குடும்பத்தின் ஒரு கிளை கிளிநொச்சியிலும் மறு கிளை இறக்குவானையிலும் இருப்பது இன்றும் சாதாரணம்.

வடக்கில் இருந்த கிளைக்காவது பேசுவதற்கு ஒரு மொழி உருவானது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள், போர் தனிமனிதரை மட்டுமல்லாமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் காயப்படுத்துகிறது என்பதைக் 'கூட்டு மனவடு' என்று விளக்கினார்கள். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற அமைப்புகள் உளவளத்துணையாளர்களைத் தமிழிலேயே பயிற்றுவித்தன. 2004 சுனாமிக்குப் பின்னும் 2009க்குப் பின்னும் உளசமூகப் பணியாளர்கள் கிராமங்களுக்குப் போனார்கள். அது போதுமானது என்று நான் சொல்லவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்கு எந்தக் கவுன்சிலிங்கும் நீதிக்கு ஈடாகாது. ஆனால் சப்ரகமுவவின் கிளைக்கு அந்த அளவுகூடக் கிடைக்கவில்லை. அவர்கள் பட்டது 'போர்' என்ற கணக்கில் வரவில்லை.

அதன் மேல் மண்ணும் சரிந்தது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண்சரிவு மனிதர்களை உயிரோடு மூடியது. 2017 மே மாதம் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிக்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கேகாலை மாவட்டத்தையும் தாக்கியது. மழை இருட்டினாலே தூக்கம் போய்விடும் மக்கள் இங்கே இருக்கிறார்கள். உலர் உணவுப் பொதி வந்த பாதையில் தமிழ் தெரிந்த உளவளத்துணையாளர் வந்ததாக என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் பேரின் விலை

கிளினிக் இலவசம் என்றாலும் அங்கே போவது இலவசமல்ல. காலையில் மலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது. 2024இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட நாள் சம்பளமே பெரும் போராட்டத்துக்குப் பின் வந்தது. கிளினிக் நாளில் அன்றைய சம்பளமும் போய், தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஓட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் கையிலிருந்தும் போகிறது. மனநல மருந்தை மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும்போது, குடும்பம் முதலில் வெட்டும் செலவு இதுதான்.

சிம்பாப்வேயில் இதே கதை வேறு விதமாக நடந்தது. மனநல வைத்தியர் டிக்சன் சிபாண்டாவின் நோயாளியான ஓர் இளம்பெண், வைத்தியசாலைக்கு வர பஸ் கட்டணம் இல்லாமல் வீட்டிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் சிபாண்டா சிகிச்சையை மக்களிடம் கொண்டுபோனார். ஹராரே நகரின் சிறிய சுகாதார நிலையங்களுக்கு வெளியே மர வாங்குகள் போடப்பட்டன. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பாட்டிமார் அங்கே அமர்ந்து, மக்களின் சொந்த மொழியில் பேசினார்கள். அவர்களும் 'மனச்சோர்வு' என்ற சொல்லைத் தேடவில்லை. 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்று பொருள்படும் ஷோனா மொழிச் சொல்லையே பயன்படுத்தினார்கள். நமது தோட்டத்தின் "யோசன" அதேதான். 'நட்பு வாங்கு' எனப்படும் இந்த முறையால் நோய்க்குறிகள் குறைவதை 2016இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது.

நமக்குப் புதிதாக ஆள் தேடவேண்டிய அவசியமும் இல்லை. தோட்டத்துக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தர், டிஸ்பென்சரியில் இருக்கும் வைத்திய உதவியாளர், பிள்ளை மடுவத்தின் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர், தோட்டப் பாடசாலை ஆசிரியர் எல்லோரும் ஏற்கனவே மக்களுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். இவர்களில் தமிழ் பேசுகிறவர்களுக்கு அடிப்படை உளவளத்துணைப் பயிற்சியைக் கொடுத்து, பெரிய பிரச்சினைகளை மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்பும் வழியைத் திறந்துவிட்டால் போதும். 2005இன் தேசிய மனநலக் கொள்கையும், அங்கொடையில் குவிந்திருந்த சிகிச்சையை மாவட்டங்களுக்கும் சமூகத்துக்கும் கொண்டுபோவதாகத்தான் சொன்னது.

கொள்கை உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்று உண்டு. 1995இல் இலங்கையில் இலட்சம் பேரில் 47 பேர் அளவில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. நஞ்சை எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோன அரசால், ஆறுதலை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவர முடியாதா?

இன்றைக்கு என்ன செய்யலாம்?

மாற்றம் வரும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்காக, இப்போது இருப்பவற்றைச் சொல்கிறேன்.

இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மை, அழுகை, வேலையில் பிடிப்பின்மை, காரணமற்ற பயம் தொடர்ந்தால் அது உதவி தேட வேண்டிய நிலை. இரத்தினபுரி போதனா வைத்தியசாலையிலும் கேகாலை வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் மனநல கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று கேளுங்கள். குடிப்பழக்கத்தை விட நினைப்பவரும் அங்கே போகலாம். பிரசவித்த தாயின் மனநிலை சரியில்லை என்றால் முதலில் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். வீட்டு வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்குப் பெரிய அரச வைத்தியசாலைகளில் 'மிதுரு பியச' எனப்படும் நட்பு நிலையங்கள் உண்டு.

தொலைபேசியில் மனநலத்துக்கு 1926, உளவளத்துணைக்கு 1333, சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938. அழைத்தவுடன் "தமிழில் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். யாராவது தன்னை மாய்த்துக்கொள்ள முயன்றிருந்தால் தாமதிக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அதற்கும் கட்டணம் இல்லை. பொலிஸ் கேஸ் வரும் என்று பயந்து மறைக்க வேண்டாம். அந்த முயற்சி 1998 முதல் குற்றமல்ல. மருந்தடிக்கும் போத்தல்களை வீட்டுக்குள் வைக்காமல் பூட்டிய இடத்தில் வையுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது மொழி தெரிந்த பெரியவர் ஒருவரை, நீங்கள் நம்புகிறவரை, கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். தமிழில் சேவை கேட்பது சலுகை அல்ல. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் அரச அதிகாரியுடன் தமிழில் தொடர்புகொள்ள அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. மறுக்கப்பட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். தனியொருவர் முறையிடத் தயங்குவார். தோட்டத்தின் மாதர் சங்கமோ கோவில் கமிட்டியோ தொழிற்சங்கமோ சேர்ந்து எழுதினால் அந்தத் தயக்கம் தேவையில்லை.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பளப் பேச்சுவார்த்தையின் மேசையில், கிளினிக் நாளுக்குச் சம்பளத்தோடு லீவு என்ற கோரிக்கையையும் வையுங்கள். மாகாண சபைத் தேர்தல் வரும்போது வாக்குக் கேட்டு லயத்துக்கு வருகிறவர்களிடம், இந்த மாவட்டத்தின் மனநலப் பிரிவில் தமிழ் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

வடக்கிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருந்து இதை வாசிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். தமிழில் உளவளத்துணை செய்யும் அனுபவம் போரின் வழியே உங்களிடம் சேர்ந்திருக்கிறது. பயிற்றுவிப்பாளர்களும் கைந்நூல்களும் இருக்கின்றன. இறக்குவானையிலும் எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இருப்பவர்கள் உங்கள் வன்னி அயலவர்களின் மாமாவும் அத்தையும்தான். அந்த அனுபவம் அவர்களையும் சென்றடைய வேண்டும்.