பத்துப் பேர் கூடாரமும் சோளகக் காற்றும்

ஆடி மாதத்தில் குறிகாட்டுவான் இறங்குதுறையில் நின்றால் அந்தப் பையைக் காணலாம். ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ பள்ளி விடுமுறைக்கு வந்த குடும்பம் நெடுந்தீவுப் படகுக்குக் காத்து நிற்கும். பிள்ளைகள் முன்னால் ஓட, ஆம்பிளைகள் இரண்டு பேர் அந்த நீளப் பையை முக்கித் தூக்கி வருவார்கள். உள்ளே முழுக் குடும்பத்துக்குமான ஒரே கூடாரம். குடும்பம் பெரிதென்றால் கூடாரமும் பெரிதாக வேண்டும், எல்லாரும் ஒரே கூரைக்குள் படுக்க வேண்டும் என்ற எண்ணம் இப்போது யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்களையும் பிடித்துவிட்டது. இது பிழையான எண்ணம். தீவகத்தில் இது ஆபத்தான எண்ணமும்கூட.

முதலில் பையில் அச்சிட்டிருக்கும் 'பத்துப் பேர்' என்பதைப் பார்ப்போம். ஆளுக்கு ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் அகலம் வைத்து, தோளோடு தோள் இடிக்கப் படுத்தால் எத்தனை பேர் கொள்ளும் என்ற கணக்கு அது. பெட்டி, தண்ணீர்க் கலன், தூக்கத்தில் உருளும் பிள்ளை எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. பத்து என்றால் ஐந்து, ஆகக் கூடினால் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இடம் போதாதது சின்னச் சங்கடம். காற்றுத்தான் பெரிய விஷயம். வெளிநாட்டு விடுமுறை விழும் யூலை, ஓகஸ்ட் மாதங்கள்தான் இங்கே சோளகம் உரக்க வீசும் காலம். 'கடற்கரைக் காற்று இதமாக இருக்கும்' என்று நினைத்து வருகிறவர்கள் இந்தக் கணக்கைக் கேட்க வேண்டும். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காற்று, தன்னை எதிர்த்து நிற்கும் துணியின் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் கிட்டத்தட்ட 6 கிலோ பாரத்தை ஏற்றும். 5 மீற்றர் நீளமும் 2 மீற்றர் உயரமும் உள்ள கூடாரச் சுவர் 60 கிலோவைத் தாங்கவேண்டும். காற்றின் வேகம் இரட்டித்தால் பாரம் நான்கு மடங்காகும்: 240 கிலோ. அதை எதிர்த்து நிற்பவை கண்ணாடி இழைக் கம்புகள் நாலும் விரல் தடிப்பு முளைகளும். இடுப்பளவு உயரமுள்ள சின்னக் கூடாரத்துக்கு இதில் ஐந்திலொரு பங்கு பாரம்கூட வராது.

இதை நான் கணக்கில் படிக்க முன்னரே சாட்டிக் கடற்கரையில் பட்டுத் தெரிந்துகொண்டேன். மச்சான் குடும்பத்தோடு போய், அவர் கொண்டுவந்த பெரிய கூடாரத்தை மாலையில் அடித்தோம். அறை பிரித்து, முன்னால் வாசல் விட்டு, பார்க்க வீடு மாதிரியே இருந்தது. இரவு ஒரு மணிக்குக் காற்றுப் பக்க முளைகள் மணலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன. கம்பு ஒன்று நீளவாக்கில் பிளந்தது. ஈரத் துணி முழுவதும் படுத்திருந்தவர்கள் மேல் விழ, மாமி கைக்குழந்தையின் முகத்தில் படாமல் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்த காட்சி என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரே கூரை என்பதால் ஒருவருக்கும் ஒதுங்க இடமில்லை. சத்தம் கேட்டுப் பக்கத்து வாடியிலிருந்து ஓடி வந்த பெரியவர் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, முதல்ல கூரையைப் பதிய விடுங்கோ. பிறகு கயிறைப் பாப்பம்."

விடிந்த பிறகு அவருடைய வாடியைப் போய்ப் பார்த்தேன். கிடுகுக் கூரை குனிந்து நுழையும் அளவுக்குப் பதிவாக இருந்தது. வாசல் காற்றுக்கு மறுபக்கம். சமையல் வெளியே. வலையும் சாமானும் தனிக் கொட்டிலில். இந்தக் கரையில் தலைமுறையாகப் படுத்தெழும்புகிறவர்கள் உயரத்தையும் ஒரே கூரையையும் வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாங்கள் பெட்டியில் உள்ள படத்தை நம்புகிறோம்.

நெடுந்தீவும் இதையேதான் சொல்கிறது. அங்கே வளவுகளைச் சுற்றி முருகைக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிய வேலிகள் உண்டு. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் துவாரம் இருப்பதால் காற்று முட்டிச் சுழலாமல், வடிந்து தணிந்து வருகிறது. வேலிக்குப் பின்னால், அதன் உயரத்தைப்போலப் பல மடங்கு தூரத்துக்கு அந்தத் தணிவு கிடைக்கும். பதிவான கூடாரம் முழுக்க அதற்குள் அடங்கும். ஆளுயரக் கூடாரத்தின் தலை மட்டும் வேலிக்கு மேலே நின்று அடிவாங்கும். முளையும் அங்கே இறங்காது. மெல்லிய மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். சிதறிக் கிடக்கும் கல்லில் கயிறு கட்டலாம். ஆனால் வேலியிலிருந்து ஒரு கல்லையும் உருவக் கூடாது. அது ஒருவருடைய எல்லை. தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள் இரவிலும் நடமாடும், ஆகவே கயிறுகளில் வெள்ளைத் துணி கட்டிவிடவேண்டும். பனைக்குக் கீழேயும் வேண்டாம். ஆடி ஆவணியில் பனம்பழம் விழும், காய்ந்த கருக்கு மட்டையும் விழும்.

'பிள்ளைகள் தனியே பயப்படுவினம், பெண்கள் நிமிர்ந்து நின்று உடுப்பு மாற்ற வேண்டாமோ' என்பார்கள். நியாயமான கேள்விகள்தான். மூன்று சின்னக் கூடாரங்களின் வாசல்களை ஒன்றையொன்று பார்க்க வைத்து, நடுவில் ஒரு தறப்பாள் கட்டுங்கள். சோறும் கதையும் சீட்டாட்டமும் அங்கே. படுக்க மட்டும் உள்ளே. உடுப்பு மாற்ற ஒரு சீலை மறைப்புப் போதும். முழங்கால் நோகிற ஆச்சியை எந்தக் கூடாரத்திலும் தரையில் படுக்க வைக்காதீர்கள். அவவுக்கு ஒரு வீட்டில் கட்டில் கேளுங்கள், தீவார் இல்லையென்று சொல்லமாட்டார்கள்.

கூடிக் கிடப்பதற்கு ஒரே கூரை வேண்டியதில்லை என்பதைக் கச்சதீவில் பார்க்கலாம். 285 ஏக்கர் நிலம், நிரந்தரக் குடியில்லை, குடிக்கத் தண்ணீரில்லை. வருடா வருடம் தவக்காலத்தில் அந்தோனியார் திருவிழாவுக்குப் போகும் ஆயிரக்கணக்கான சனம் அங்கே ஓரிரவு தங்குகிறது. பற்றைகளுக்கிடையே கட்டிய தறப்பாளும் சீலையும் பாயும் போதும், இரவு முழுவதும் குடும்பம் குடும்பமாக இருந்து கதைக்கிறார்கள். வாடை ஓய்ந்து சோளகம் தொடங்காத மாதம் அது. அந்த அமைதியான மாதங்களில், மரமடர்ந்த ஒரு வளவுக்குள் என்றால், பெரிய கூடாரத்தையும் நான் மறுக்கமாட்டேன்.

'3000 மில்லிமீற்றர் நீரைத் தாங்கும்' என்ற வரிக்காகக் காசு கொட்டுவதும் இதே மயக்கம்தான். எங்கள் மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டுகிறது. ஆடியில் வேண்டியது நிழலும் ஊடு காற்றும். நிலம் வரை மூடிய கூடாரம் காலை ஏழு மணிக்கே புழுங்கத் தொடங்கிவிடும். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் கூடாரத்துக்குள் பகல்களைக் கழித்தவர்கள் எங்கள் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். அந்த வெக்கையை அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். கேட்கத் தயங்குகிறோம். உல்லாசப் பயணத்துக்குக் கூடாரம் வாங்கும் பேச்சில் அவர்கள் எழுந்து வெளியே போவதை நான் கண்டிருக்கிறேன்.

வருகிற ஆடிக்கு மச்சான் திரும்ப வருகிறார். நீளப் பை வேண்டாம் என்று சொல்லியாயிற்று. மூன்று பேர் படுக்கும் வலைக் கூடாரம் மூன்று, ஐம்பது மீற்றர் நைலோன் கயிறு அவர் கொண்டுவருவார். தறப்பாளும் ஒரு டசின் வெறுஞ் சாக்கும் இங்கே வாங்குவேன். சாக்கில் மணல் நிரப்பி, நடுவில் கயிறு கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்தால் சாட்டி மணலிலும் பிடுங்காது. புதைக்கும் இடத்தை அந்தப் பெரியவரே காட்டித் தருகிறேன் என்றிருக்கிறார்.