கரும்பு வரிசைக்கு நடுவே

மொரீஷியஸில் கரும்பு விளையும் நிலம் கடந்த இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிவிட்டது. 1975 முதல் ஐரோப்பா அதன் சர்க்கரைக்குத் தந்துவந்த உறுதி விலை 2009இல் முடிவுக்கு வந்தது. பெரிய தோட்டங்கள் சில, நிலத்தைச் சொகுசு வீடுகளுக்கும் கோல்ஃப் மைதானங்களுக்கும் திருப்பிவிட்டன. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. கரும்பு மட்டும் கட்டுப்படியாகாது என்றால் கூடவே இன்னொன்றை விளைவிக்கலாமே! அந்தத் தீவுக்கு அது தெரியாத வித்தையும் அல்ல. கரணை ஊன்றிய முதல் சில மாதங்கள் கரும்பு மெதுவாகத்தான் எழும். வரிசைக்கு வரிசை ஒன்றரை மீட்டர் மண் வெறுமனே கிடக்கும். குளிர்காலத்தில் அங்கே ஊன்றிய உருளைக்கிழங்கு, கரும்புத் தோகை நிழல் கட்டுவதற்குள் மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிடும். கிழங்குக்கு இட்ட உரத்தில் மிஞ்சியதைக் கரும்பு எடுத்துக்கொள்ளும். கிழங்கு தோண்டும்போதே மண்ணும் பொலபொலவென்று ஆகிவிடும். 1834 முதல் அந்தத் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் தமிழர்களும் உண்டு. அவர்களைப் போன்றவர்கள் கையால் பொறுக்கிக் குவித்த கருங்கற்கள் இன்றும் வயல்களின் நடுவே மேடு மேடாக நிற்கின்றன. அப்படிப் பண்படுத்திய மண்ணைக் கான்கிரீட்டுக்குக் கொடுத்துவிட்டு, உணவில் பெரும்பகுதியைக் கப்பலில் இறக்குவது என்ன நியாயம்? ஊடுபயிர் செய்ய மனமில்லாத தோட்டங்கள், அந்த இடைவெளியைக் கிழங்குப் போகத்துக்கு மட்டுமாவது சிறு விவசாயிகளுக்குக் குத்தகைக்கு விடட்டும். விதைக்கிழங்குக்கான கடனை அரசு முன்கூட்டியே கொடுக்கட்டும்.