லயத்துப் பிள்ளைக்கு எதற்குக் கோடிங்?

திருவனந்தபுரம் மாவட்டத்து மலைத் தேயிலைத் தோட்டமான போனக்காடு என்றால் பேய் பங்களா, இல்லாவிட்டால் அகத்தியர்கூடம் ஏறும் வழி. லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும், "தேயிலைத் தொழிற்சாலையே மூடிக் கிடக்கு. பிள்ளைங்க பத்தாவது முடிச்சு ஒரு கைத்தொழில் கத்துக்கிட்டாப் போதும். சாப்ட்வேர் எல்லாம் டவுன் பிள்ளைங்களுக்கு" என்று முடித்துவிடுகிறார்கள். அக்கறையாகச் சொல்வதால் இந்தப் பேச்சு எளிதில் எடுபட்டுவிடுகிறது.

முதலில் சொல்லும் காரணம் ஆங்கிலம். பைத்தான் மொழியில் ஒதுக்கப்பட்ட சொற்களே சுமார் 35தான். கேரளத்தில் உயர்நிலை வகுப்புகளுக்கான ஐசிடி (கணினி) பாடநூல் தமிழ்வழியிலும் வருகிறது. நிரல் எழுதத் தடுமாறும் பிள்ளைக்குப் பெரும்பாலும் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை, கணக்கைப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. அதற்கு லயத்திலேயே நல்ல கணக்கு உண்டு. குறித்த எடைவரை கொழுந்து கிள்ளினால் நாள்கூலி, அதற்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு, பிடித்தம் போக மிச்சம், தராமல் விட்ட மாதங்களின் பாக்கி தனி. நிபந்தனை, சுழற்சி, பட்டியல் மூன்றும் இதில் அடங்கிவிடும். அம்மாவின் கூலிப் பாக்கியைத் தானே நிரல் எழுதிக் கணக்கிட்ட பிள்ளைக்குப் பாடநூலின் செயற்கைக் கணக்குகள் பெரிதாகத் தெரியாது. பின்னாளில் ஆங்கிலம் வேண்டும்தான், மறுக்கவில்லை. அதைக் கற்றுவிட்டுத்தான் நிரலைத் தொட வேண்டும் என்பது தவறு.

அடுத்தது பணம். இது தனியார் கோடிங் வகுப்பு விளம்பரங்கள் பரப்பிய பயம். கேரளத்தில் 2001இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டமான ஐடி@ஸ்கூல்தான் இன்றைய கைட் அமைப்பு. அரசுப் பள்ளிக் கணினிகளில் இயங்குவது கட்டற்ற மென்பொருள், உரிமத்துக்குக் காசில்லை. 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மாணவர் மன்றங்களில் ஸ்கிராட்ச் நிரல்மொழியும் ரோபோட்டிக்ஸும் கட்டணமின்றிச் சொல்லித் தருகிறார்கள். 2025-26 முதல் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே ரோபோட்டிக்ஸ் வந்துவிட்டது.

பொறியியல் பட்டம் இல்லாமல் யார் சேர்ப்பார்கள் என்பது மூன்றாவது கேள்வி. இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. அதன் ஜோஹோ பள்ளிகள் பன்னிரண்டாவது, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவிக்கின்றன. எல்லாருக்கும் இடம் கிடைக்காது. ஆனால் பட்டம் இல்லாமல் முடியாது என்று அடித்துச் சொல்லவும் இனி முடியாது. மலைக்குக் கீழே நெடுமங்காட்டில் அரசு பாலிடெக்னிக்கும் இருக்கிறது.

கடைசிக் காரணம்தான் கனமானது: ஏஐ நிரல் எழுதுகிறது, இனி எதற்குப் படிக்க வேண்டும்? 2025 ஜூலையில் மென்பொருள் நிறுவனமான டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. தொடக்கநிலை வேலைகள் சுருங்கும் என்ற அச்சத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆகவே, 'கோடிங் படித்தால் வேலை நிச்சயம்' என்று போனக்காட்டில் போய்ச் சொல்பவரையும் நான் நம்ப மாட்டேன். ஆனால் இதிலிருந்து வரும் முடிவு வேறு. மனப்பாடமாகத் தொடரியல் எழுதும் திறனுக்குத்தான் விலை குறைகிறது. இயந்திரம் எழுதித் தந்த நிரலைப் படித்து, எந்த வரியில் பிழை, எந்த உள்ளீட்டில் கணக்கு உதைக்கும் என்று கண்டுபிடிப்பவர் இன்னும் தேவை. கூலிக் கணக்கில் கூடுதல் கிலோவை நாள்கூலியிலேயே சேர்த்துவிட்ட பிழை, கொழுந்து எடைபோடும் இடத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளையின் கண்ணில் சட்டென்று படும். பள்ளியில் பழக்க வேண்டியது இதைத்தான். நம் தேர்வுகளோ இன்னும் நிரலை எழுதச் சொல்லித்தான் மதிப்பெண் போடுகின்றன.

அப்படியானால் உண்மையான தடை எது? பாதை. திருவனந்தபுரம் நகரத்திலிருந்து போனக்காடு சுமார் 60 கிலோமீட்டர். அதே மாவட்டத்தில்தான் 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் மென்பொருள் பூங்கா இருக்கிறது. விதுராவில் ஐசர் என்னும் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம், வலியமலையில் விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம். இவ்வளவும் கீழே இருக்க, உயர்நிலைப் படிப்புக்கு மலை இறங்கும் பிள்ளை நாளுக்குச் சில பேருந்துகளை நம்பியிருக்கிறது. லிட்டில் கைட்ஸ் பயிற்சி பள்ளி விட்ட பிறகு நடந்தால், கடைசிப் பேருந்தா பயிற்சியா என்று அந்தப் பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டும். விதுராவில் ஒரு விடுதி, இல்லாவிட்டால் பயிற்சி நாளிலாவது தாமதமாகக் கிளம்பும் ஒரு பேருந்து: பஞ்சாயத்திடமும் கேஎஸ்ஆர்டிசியிடமும் கேட்க வேண்டியது இது. பிள்ளைகளின் தகுதியைப் பற்றிப் பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.