அலாரத்தின் வாயை மூடலாமா?

குளிர்காலம் வந்துவிட்டால் நியூ ஜெர்சியில் நம் வீட்டுச் சன்னல்கள் எல்லாம் மூடிக்கொள்கின்றன. அடுப்பில் கடுகு வெடிக்கிறது, வடைக்கு எண்ணெய் காய்கிறது. உடனே புகை அலாரம் அலறத் தொடங்குகிறது. நம்மில் பலர் என்ன செய்கிறோம்? நாற்காலி போட்டு ஏறி, பேட்டரியைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டுவிடுகிறோம். விருந்து முடிகிறது. பேட்டரி மட்டும் திரும்பக் கூரைக்குப் போவதில்லை.

இது சின்ன விஷயம் இல்லை என்பதே எங்கள் கருத்து.

வீட்டுத் தீயில் இறப்பவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது நெருப்பு அல்ல, புகை. சோபா, மெத்தை, பிளாஸ்டிக் சாமான்கள் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளிவருகின்றன. கார்பன் மோனாக்சைடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஒட்டிக்கொள்ளும். தலை சுற்றும், கால் தளரும், கதவு எந்தப் பக்கம் என்ற நினைவே தடுமாறும். புகை நாற்றம் பட்டால் விழித்துக்கொள்வோம் என்று நம்பிப் படுக்கக் கூடாது. ஆழ்ந்து உறங்குபவரின் மூக்கு காவல் காக்காது.

அலாரத்தை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. 2000ஆம் ஆண்டு ஜனவரி 19 அதிகாலை, சவுத் ஆரஞ்சில் உள்ள சீட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதியில் தீப்பிடித்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அலாரம் ஒலித்தது. ஆனால் அதற்கு முன் பலமுறை வீணாக ஒலித்திருந்ததால், இதுவும் அப்படித்தான் என்று எண்ணிப் பல மாணவர்கள் உடனே எழவில்லை. 1952இல் கட்டிய அந்த விடுதியில் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இல்லை. பழைய கட்டடம் என்பதால் சட்டம் அதைக் கேட்கவும் இல்லை. அதே ஆண்டு ஜூலையில்தான், எல்லா மாணவர் விடுதிகளிலும் நான்கு ஆண்டுகளுக்குள் ஸ்பிரிங்க்ளர் பொருத்த வேண்டும் என்ற சட்டம் வந்தது.

பக்கத்து நியூ யார்க்கிலும் இதே கதைதான். 2022 ஜனவரி 9 அன்று பிராங்க்ஸில் ஒரு மின்சார ஹீட்டரால் பற்றிய தீயில் 17 பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் குழந்தைகள். அத்தனை பேரும் புகையால் இறந்தவர்கள். தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவு மூடவில்லை. அங்கும் அலாரம் அடிக்கடி வீணாக ஒலித்ததால் முதலில் பொருட்படுத்தவில்லை என்று குடியிருந்தவர்கள் சொன்னார்கள்.

சாவுக்குப் பிறகே சட்டம் விழித்துக்கொள்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகுதானே பள்ளிக்கூடங்களின் கீற்றுக் கூரைகளை அகற்ற ஆணை வந்தது?

வந்த சட்டமும் எவ்வளவு தூரம் வரும் என்று பார்ப்போம். நியூ ஜெர்சியில் ஒரு குடும்பம் அல்லது இரு குடும்பம் வாழும் வீடு கைமாறும்போதும், வாடகைக்குக் குடியிருப்பவர் மாறும்போதும் புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம், சமையலறைக்கு அருகில் தீயணைப்பான் ஆகியவை இருப்பதற்குச் சான்றிதழ் வேண்டும். பேட்டரியில் மட்டும் இயங்கும் புகை அலாரம் 2019 முதல் பத்தாண்டு நீடிக்கும் மூடிய பேட்டரி உடையதாக இருக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் இருபது ஆண்டுகளாக ஒரே சொந்த வீட்டில் இருப்பவரை இந்தச் சான்றிதழுக்காக யாரும் வந்து பார்ப்பதில்லை. புகை அலாரத்தின் ஆயுளோ பத்தாண்டுதான். ஆக, வீடு வாங்கிய நாளுக்குப் பிறகு அந்த வீட்டின் இன்ஸ்பெக்டர் நாம்தான்.

அதனால் இந்த வாரமே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அலாரத்தைக் கழற்றிப் பின்புறம் தயாரித்த தேதியைப் பாருங்கள். பத்தாண்டு கடந்திருந்தால் புதிது வாங்குங்கள். தாளிக்கும்போதெல்லாம் கத்தினால் அடுப்பிலிருந்து பத்தடிக்கு அப்பால் மாற்றுங்கள், ஃபோட்டோ எலெக்ட்ரிக் வகையாக வாங்குங்கள். சமையல் புகைக்கு அது குறைவாகவே ஏமாறும். இரவில் படுக்கையறைக் கதவை மூடிப் படுங்கள். எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்கள். வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே போனால் குறைகிறதா? ஃபுளூ என்று மாத்திரை போடாமல் எல்லோரும் வெளியேறி 911ஐ அழையுங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு அந்த ஒலி என்னவென்று சொல்லிக் கொடுத்தோமா? காது மந்தமானவர்களுக்கு அதன் கீச்சுக் குரல் கேட்காமலும் போகலாம். அவர்களை யார் எழுப்புவது என்பதை இன்றே முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. நாடு விட்டு ஓடிவந்த எங்களைப் போன்றோருக்குக் கடவுச்சீட்டு, சான்றிதழ், பழைய புகைப்படம் ஒவ்வொன்றும் உயிர். ஆனாலும் அவற்றை எடுக்கத் திரும்ப உள்ளே போகக் கூடாது. இப்போதே பிரதி எடுத்து உறவினர் வீட்டில் வைத்துவிடுங்கள். தாளை மறுபடி வாங்கலாம், மூச்சை வாங்க முடியாது.